வெஸ்ட்ஃப்ளேட்டரன் துறவிகளும் அவர்களுடைய பியரும்



"சுவாமி, மடத்துத் துறவிகளே பியர் காய்ச்சி விற்கிறார்கள். அதுவும் சாதாரணப் பியரைவிட இருமடங்கு வெறியுள்ள பியர். நீங்கள் மட்டும் பிரசங்கத்தில் குடியைப் பற்றி எங்களைக் கண்டிக்கிறீர்களே, இது என்ன நியாயம்?" என்று நம் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். கேள்வியில் குறும்பும் இருந்தது, நியாயமும் இருந்தது. கோயில் வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய விடயம் அன்று இது. ஆகவே எழுதுகிறேன். பதிவு நீளமானது, ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. இதை வாசிக்கும் தாய்மாரில் சிலருக்குப் பியர் என்ற சொல்லே கசக்கும் என்பதை நான் அறிவேன். குடியினால் ஈரல் கெட்டு நாற்பது வயதில் இறந்த ஆண்களை இந்த நாட்டில் நான் அடக்கம் செய்திருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகளுக்கு முதல் நன்மை கொடுத்தவனும் நானே. குடியைப் புகழ்வதற்காக இந்தப் பதிவை எழுதவில்லை. பெல்ஜியத்தின் மேற்கு மூலையில் இருக்கும் ஒரு சிறிய துறவு மடத்தின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். அங்கே காய்ச்சப்படுவது கடுமையான பியர். அதைக் காய்ச்சுகிறவர்களோ குறைவாகவே காய்ச்ச வேண்டும் என்று விரும்பித் தீர்மானித்தவர்கள். இந்த இரண்டும் எப்படி ஒரே மதிலுக்குள் இருக்கின்றன என்பதே என் பொருள்.

வெஸ்ட்ஃப்ளேட்டரன் என்பது மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில், போப்பரிங்கே என்ற ஊருக்கு அருகில், பிரெஞ்சு எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கிராமம். போப்பரிங்கே சுற்றுவட்டாரம் ஹொப் கொடிக்குப் பெயர்போனது. உயரமான கம்பங்கள் நட்டு, கம்பி இழுத்து, நம் ஊரில் வெற்றிலைக் கொடியை ஏற்றுவதுபோல ஹொப் கொடியை ஏற்றியிருப்பார்கள். பியருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுப்பதும், அது விரைவில் கெட்டுப்போகாமல் காப்பதும் அந்தக் கொடியின் பூக்கள்தான். அந்த வயல்களுக்கு நடுவே மரங்கள் சூழ்ந்து நிற்கிறது புனித சிக்ஸ்துஸ் துறவு மடம்.

இந்த மடத்தார் டிராப்பிஸ்ட் துறவிகள். 1098இல் பிரான்சின் சித்தோ என்னும் இடத்தில், புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூலை அதன் பழைய கண்டிப்போடு வாழ விரும்பியவர்கள் சிஸ்தேர்சியன் துறவறத்தைத் தொடங்கினார்கள். நூற்றாண்டுகள் செல்ல அங்கும் தளர்ச்சி வந்தது. 1664இல் நோர்மண்டியில் உள்ள லா டிராப் மடத்தின் தலைவர் டி ரான்சே மீண்டும் மௌனம், உழைப்பு, எளிய உணவு என்று இறுக்கிப் பிடித்தார். டிராப்பிஸ்ட் என்ற பெயர் அந்த மடத்தின் பெயரிலிருந்து வந்தது. பிரெஞ்சுப் புரட்சி துறவு மடங்களை ஒழித்தபோது இவர்கள் அகதிகளாக ஐரோப்பா முழுவதும் அலைந்தார்கள். வட அமெரிக்காவுக்குக் கப்பலேற எண்ணிப் புறப்பட்ட ஒரு கூட்டம் அன்ற்வெர்ப்புக்கு அருகிலேயே தங்கிவிட்டது. 1794இல் வெஸ்ட்மால் மடம் இப்படித்தான் பிறந்தது. எங்கோ போகப் புறப்பட்டு, இடையில் தங்கிய நாட்டிலேயே வேரூன்றிவிடுவது எப்படி நடக்கும் என்று நம்மவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வெஸ்ட்ஃப்ளேட்டரன் காட்டில் 1814இல் யான் பாப்டிஸ்ட் விக்டூர் என்ற ஒருவர் தனியே தவவாழ்வு வாழத் தொடங்கினார். 1831இல் எல்லைக்கு அப்பால் உள்ள கட்ஸ்பேர்க் குன்றின் மடத்திலிருந்து சில துறவிகள் வந்து அவரோடு சேர்ந்தார்கள். அந்தச் சிறு குழுதான் இன்றைய மடத்தின் தொடக்கம். ஏறத்தாழ 1838இல் பியர் காய்ச்சும் வேலை ஆரம்பமாயிற்று. அதற்குக் காரணம் பெரிய ஆன்மிகம் ஒன்றுமில்லை. மடத்தைக் கட்ட வந்த வேலையாட்களுக்குக் கூலியோடு நாளாந்தம் பியரும் கொடுப்பது அக்கால வழக்கம். வெளியே வாங்கிக் கொடுப்பதைவிட நாமே காய்ச்சினால் மலிவு என்று மடத்தார் கணக்குப் பார்த்தார்கள். நம் ஊரில் வீடு கட்டும்போது மேசன்மாருக்குத் தேநீரும் வடையும் வீட்டிலேயே தயாரித்துக் கொடுப்பதில்லையா, அதுபோல. வெளியாருக்குச் சிறிய அளவில் விற்றதெல்லாம் 1870களில்தான். இதற்கிடையில், 1850இல், இதே மடத்திலிருந்து ஒரு துறவிக்குழு தெற்கே சென்று ஸ்கூர்மோன் மடத்தை நிறுவியது. இன்று உலகெங்கும் கடைகளில் காணும் சிமே என்ற பியர் அந்த மடத்தினுடையது. ஆக, சிமேயின் தாய்வீடு வெஸ்ட்ஃப்ளேட்டரன். தாய் சிறியவளாகவே இருக்கிறாள். மகளோ பெரும் புகழோடு உலகமெல்லாம் சுற்றுகிறாள்.

துறவிகள் மதுவைத் தொடலாமா என்ற கேள்விக்கு வருவோம். ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்குநூலின் 40ஆம் அதிகாரம் பானத்தின் அளவைப் பற்றியது. குருமடத்தில் அதை முதன்முதல் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். துறவிகளுக்குத் திராட்சை இரசம் தகாது என்று அவர் படித்திருக்கிறார். ஆனால் தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்கவைக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் எமினா போதும் என்கிறார். அது ஏறத்தாழ கால் லீற்றர் என்று பொதுவாகக் கணிப்பார்கள். திகட்டும்வரை குடிக்க வேண்டாம் என்கிறார். முற்றாக விலகி இருக்கும் வரம் பெற்றவருக்குத் தனிக் கைம்மாறு உண்டு என்றும் சேர்க்கிறார். மனித இயல்பை அறிந்த ஒரு தகப்பனுடைய பேச்சு இது. திராட்சை செழிக்காத வடநாடுகளில் அந்த இரசத்தின் இடத்தைப் பார்லியிலிருந்து காய்ச்சிய பியர் பிடித்துக்கொண்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். துறவிகள் தங்கள் அன்றாட மேசையில் குடித்தது கடுமையான பியர் அன்று. வெஸ்ட்மாலில் எக்ஸ்ட்ரா என்றும் சிமேயில் டோரே என்றும் இலகுவான பியர்கள் உண்டு. மடத்து மேசைக்கென்று காய்ச்சப்பட்டவை அவை. கடுமையானவை விருந்தினருக்கும் விழாக்களுக்கும் விற்பனைக்கும் உரியவை.

பெல்ஜியத்துப் பியர் ஏன் இவ்வளவு கடுமை என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. முதல் உலகப்போர் முடிந்தபின், 1919இல், நீதியமைச்சர் எமில் வாண்டர்வெல்டேயின் பெயரால் அறியப்படும் ஒரு சட்டம் அந்த நாட்டில் வந்தது. தொழிலாளர் குடும்பங்களைச் சாராயம் அழிக்கிறது என்று கண்ட சமதர்மவாதி அவர். தவறணைகளில் வடிசாராயம் விற்பது தடைசெய்யப்பட்டது. கடையில் வாங்குவதானால் குறைந்தது இரண்டு லீற்றர் வாங்கவேண்டும் என்றும் விதித்தார்கள். அவ்வளவுக்குக் காசு ஏழைத் தொழிலாளியிடம் ஒரே நேரத்தில் இராது என்பது கணக்கு. நோக்கம் நல்லது. ஆனால் சாராயத்தின் சூட்டுக்குப் பழகிய நாவுகள் அதைப் பியரில் தேடின. பியர் காய்ச்சுவோரும் அந்தத் தேவையைக் கண்டு கடுமையான வகைகளைப் பெருக்கினார்கள். குடியைக் குறைக்க வந்த சட்டம் பியரின் வீரியத்தைக் கூட்டிவிட்டது. அந்தச் சட்டம் 1983வரை நடைமுறையில் இருந்தது.

அந்தப் போரில் மடம் தப்பியதும் ஒரு கதை. 1914 இலையுதிர் காலத்தில் ஜேர்மன் படை பெல்ஜியம் ஏறத்தாழ முழுவதையும் பிடித்துவிட்டது. கடற்கரையோரத் தாழ்நிலத்தில் கடல்நீரைத் திறந்துவிட்டு, இசேர் ஆற்றின் பின்னே நின்று, ஒரு சிறு துண்டு நிலத்தை மட்டும் பெல்ஜியர் காத்தார்கள். வெஸ்ட்ஃப்ளேட்டரன் அந்தத் துண்டுக்குள் இருந்தது. பக்கத்தில் இப்பர் நகரம் நான்கு ஆண்டுகள் இடிந்துகொண்டே இருந்தது. மடத்துக்குள் அகதிகளும் நேச நாட்டுப் படைவீரரும் வந்து குவிந்தார்கள். எதிரி பிடித்த பகுதிகளில் பியர்க் கூடங்களின் செப்புக் கொப்பரைகள் போர்த்தளவாடத்துக்காகக் கழற்றிச் செல்லப்பட்டன. கிழக்கே ஆகெல் மடத்தின் கொப்பரை 1917இல் போயிற்று. வெஸ்ட்ஃப்ளேட்டரன் கொப்பரை தப்பியது. போர்முனைக்குப் பின்னால் குண்டுச் சத்தத்தைக் கேட்டபடி, அகதிகளுக்குக் கஞ்சி ஊற்றியபடி, நேரம் தவறாமல் செபமாலையும் திருப்புகழும் சொன்ன கோயில்களை நாம் நம் மண்ணிலேயே கண்டிருக்கிறோம். ஆகையால் இந்தப் பகுதியை நான் நீட்டவில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்த நிகழ்ச்சி இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1945இல் நடந்தது. அப்போது மடத்தலைவராக இருந்தவர் ஜெராருடுஸ் டெலேயே. பியர் விற்பனை வளர்ந்துகொண்டே போயிற்று. எந்த வியாபாரியும் மகிழ்ந்திருப்பார். அவரோ கவலைப்பட்டார். பியர்க் கூடம் பெரிதாகப் பெரிதாகத் துறவிகள் கணக்கேடும் வண்டியும் வாடிக்கையாளருமாகிவிடுவார்கள், செபத்துக்கு எஞ்சிய நேரமே கிடைக்கும் என்று கண்டார். தம் கையால் உழைத்து உண்பவரே மெய்யான துறவி என்பது ஒழுங்குநூலின் 48ஆம் அதிகாரத்தின் கருத்து. ஆனால் உழைப்பு செபத்தை விழுங்கவும் கூடாது. ஆகவே மடம் வாழ எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் காய்ச்சுவது, அதையும் மடத்து வாசலில் மட்டும் விற்பது என்று தீர்மானித்தார். போரில் சிதைந்த நாடு மீண்டும் எழுந்து, காசு புழங்கத் தொடங்கப்போகும் வேளையில் எடுத்த தீர்மானம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வெளிச்சந்தையின் தேவையை யார் நிறைவேற்றுவது? பக்கத்து ஊரான வாட்டூவில் சீஸ் தயாரித்துவந்த எவாரிஸ்ட் டெகோனிங்க் என்பவருக்கு 1946இல் உரிமம் கொடுத்தார்கள். மடத்தில் பியர் காய்ச்சிய மத்தியூ சஃப்ரான்ஸ்கி அங்கே சென்றார். செய்முறையும் மடத்து ஈஸ்டும் அவரோடு சென்றன. 1992வரை புனித சிக்ஸ்துஸ் என்ற பெயரில் வாட்டூவில் பியர் காய்ச்சப்பட்டது. உரிமம் முடிந்தபின் அந்த நிறுவனம் செயின்ட் பெர்னாடுஸ் என்ற பெயரில் தொடர்கிறது. அதன் அப்ட் 12 என்ற பியரை நம் நகரத்துக் கடைகளிலும் காணலாம். மடமோ இன்று ஈஸ்டை வெஸ்ட்மால் மடத்திலிருந்து பெறுகிறது. பழைய ஈஸ்டின் வழித்தோன்றல் வாட்டூவில்தான் வாழ்கிறது என்று அந்த நிறுவனத்தார் பெருமையோடு சொல்வார்கள். எது உண்மையான வாரிசு என்று பியர்ப் பிரியர்கள் இரவிரவாக வாதாடுவார்கள். பரம்பரைக் காணி வழக்குப்போலவே அதற்கும் முடிவில்லை.

இனி, சுவைத்த கதை. சில ஆண்டுகளுக்கு முன் குருக்கள் மூவரும் பங்குமக்கள் இருவருமாக அந்தப் பக்கம் போனோம். மடத்துக்குள் போக முடியாது. எதிரே மடத்துக்குச் சொந்தமான இளைப்பாறும் விடுதி ஒன்று உண்டு. அதன் பெயருக்குச் சமாதானத்தில் என்று பொருள். கூடம் பெரியது. சைக்கிளில் வந்த முதியவர்கள், பேரப்பிள்ளைகளோடு வந்த பாட்டிமார், சீஸ் துண்டுகளைக் கடுகுச் சாந்தில் தொட்டுத் தின்றபடி அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூச்சல் இல்லை. மூன்றே வகைப் பியர். அகன்ற வாயும் குட்டையான காலும் கொண்ட கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார்கள். பார்த்தவுடன் பூசைப்பாத்திரம் நினைவுக்கு வரும், எனக்கு அது கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

முதலாவது பச்சை மூடிப் பொன்னிறப் பியர். 1999இல், அந்த விடுதியின் புதிய கட்டடம் திறந்தபோது அறிமுகமானது, 5.8 சதவீதம் ஆல்கஹால். சுட்ட பாணின் மணமும் ஹொப்பின் கசப்பும் முன்னே நிற்கின்றன. மருந்துக் கசப்பு இல்லை, எலுமிச்சைத் தோலைக் கடித்ததுபோன்ற கசப்பு. என்னைக் கேட்டால் மதியச் சாப்பாட்டோடு குடிக்கத்தக்கது இதுதான். இரண்டாவது நீல மூடி, 8 சதவீதம். கபில நிறம், முந்திரிவற்றலும் கோப்பியும் கலந்த சுவை. மூன்றாவதுதான் புகழ்பெற்ற மஞ்சள் மூடி, 12 என்ற எண்ணுடையது. அந்த எண் ஆல்கஹாலின் அளவு அன்று. காய்ச்சிய சாற்றின் அடர்த்தியைக் குறித்த பழைய பெல்ஜிய அளவுமுறையின் நினைவு. ஆல்கஹால் 10.2 சதவீதம்.

அதை வாயில் வைத்தவுடன் எங்களில் ஒருவர், "சுவாமி, இது கிறிஸ்மஸ் கேக்" என்றார். அதைவிடச் சரியாக நானும் சொல்லமாட்டேன். நம் வீடுகளில் மார்கழியில் ரவை, முந்திரிப்பருப்பு, பழவற்றல், கராம்பு எல்லாம் போட்டுச் செய்து, வாரக்கணக்கில் மூடிவைத்து எடுப்போமே, அந்தக் கேக்கின் வாசனை. அதன் பின்னால் காய்ச்சிய கருப்பட்டிப் பாகு, பேரீச்சம்பழம், சற்றே கருகிய சீனி. குளிராகக் குடித்தால் இவற்றில் பாதி தெரியாது. கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் சூடு ஏற ஏற ஒவ்வொன்றாக வெளியே வரும். அவசரக்காரருக்கு இந்தப் பியர் எதையும் காட்டாது.

சேர்மானம் மிக எளிது. தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹொப், ஈஸ்ட், சீனி. பார்லியை வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாச்சத்து இனிப்பாக மாறும். அந்தச் சாற்றை ஹொப்போடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் இனிப்பை அது ஆல்கஹாலாக்கும். காய்ச்சும்போது சீனி சேர்ப்பதனால் பியர் பாணிபோலத் தடிக்காமலேயே வீரியம் ஏறுகிறது. இது சாராயத்தைப்போல வடித்தெடுப்பதன்று, முழுக்க நொதித்தல்தான். போத்தலில் அடைத்தபின்னும் உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருந்து இன்னும் வேலை செய்கிறது. அடியில் தெரியும் வண்டல் அதுதான். மெதுவாக ஊற்றி, கடைசி விரற்கடையைப் போத்தலில் விட்டுவிடுவார்கள். நம் ஊர்க் கள்ளு காலையில் இறக்கினால் மாலையில் புளித்துவிடும். இதுவோ இருட்டில் நிமிர்த்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருந்து கனிகிறது.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குறிப்பாக இளைஞர்கள் கவனிக்க வேண்டும். 33 சென்ரிலீற்றர் கொண்ட அந்தச் சிறு போத்தலில் ஏறத்தாழ 27 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. சாதாரணப் பியர் இரண்டு போத்தலில் இருக்கும் அளவு அது. இனிப்பு அந்தக் கடுமையை மறைத்துவிடும். எழும்பி நடக்கும்போதுதான் கால் உண்மையைச் சொல்லும். நாங்கள் ஐவர் ஒரு மஞ்சள் மூடிப் போத்தலைப் பகிர்ந்தோம். வண்டியோட்டிய அண்ணர் தோடம்பழச் சாற்றோடு நின்றுகொண்டார். கிறிஸ்மஸ் கேக் என்று சொன்னவர் வாசனையை மட்டும் இரசித்தவர் என்று வீட்டில் சொல்லியிருப்பதாகக் கேள்வி. ஆகவே பெயரை எழுதவில்லை.

1945க்குப் பின் பல பத்தாண்டுகள் இந்தப் போத்தல்களில் பெயர்த்தாள் ஒட்டப்படவில்லை. மூடியின் நிறமே அடையாளம். விளம்பரமும் இல்லை. ஆனால் 2005இல் இணையத்தில் பியர்ப் பிரியர்கள் நடத்திய தரப்படுத்தலில் இந்த 12 உலகின் தலைசிறந்த பியர் என்று முதலிடம் பெற்றது. செய்தி பரவியதும் மடத்து வாசலில் கிலோமீற்றர் கணக்கில் வாகனங்கள் நின்றன. இருப்பு தீர்ந்தது. எந்த நிறுவனமாக இருந்தாலும் புதிய கொப்பரைகளை இறக்கியிருக்கும். துறவிகள் உற்பத்தியைக் கூட்டவில்லை. விலையை ஏற்றவுமில்லை. தொலைபேசியில் முன்பதிவு செய்ய வேண்டும், வண்டி இலக்கம் சொல்ல வேண்டும், குறித்த நேரத்துக்கு வந்து ஒன்றிரண்டு மரப்பெட்டிகள் மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும், வாங்கியதை மறுவிற்பனை செய்யக்கூடாது என்று ஒழுங்கு செய்தார்கள். 2019இல் அந்த முன்பதிவு இணையவழிக்கு மாறியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 ஹெக்டோலீற்றர், அவ்வளவுதான். பெரிய ஆலைகளுக்கு முன் இது ஒரு துளி.

விலையைப் பற்றிச் சொல்லவேண்டும். மடத்து வாசலில் இரண்டு யூரோவுக்கும் குறைவாக விற்ற போத்தலை, 2018இல் நெதர்லாந்தின் பேரங்காடி ஒன்று பத்து யூரோ அளவில் விற்றது. துறவிகள் அதைக் கேட்டு வருந்தினார்கள். தங்களுக்கு வரவேண்டிய இலாபம் போயிற்றே என்றல்ல. தங்கள் பொருள் இப்படிப் பேராசைக்குக் கருவியாகிறதே என்று. இதற்கும் ஒழுங்குநூலில் அடிப்படை உண்டு. 57ஆம் அதிகாரம் மடத்துக் கைவினைஞர்களைப் பற்றியது. தொழில்திறமையால் செருக்குக் கொண்டவனை அந்தத் தொழிலிலிருந்தே விலக்கிவிடும்படி அது சொல்கிறது. மடத்துப் பொருளை விற்கும்போது வெளியார் விற்கும் விலையைவிடச் சற்றுக் குறைத்தே விற்கும்படியும் சொல்கிறது. பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு வரி இன்றைய சந்தைக்குள் நின்று விலையைக் கட்டுப்படுத்துகிறது! எனக்கு இதுவே அந்தப் பியரைவிடப் பெரிய அதிசயம்.

ஒருமுறை அவர்கள் தங்கள் வழக்கத்தைத் தளர்த்தினார்கள். மடத்தின் கட்டடங்கள் பழுதடைந்து திருத்தமுடியாத நிலைக்கு வந்தன. 2011 நவம்பரில், ஆறு போத்தலும் இரண்டு கிண்ணமும் கொண்ட பெட்டிகளைப் பெல்ஜியத்துப் பேரங்காடிகளில் 25 யூரோவுக்கு விற்றார்கள். பெட்டியின் தோற்றம் செங்கல். 2012இல் அமெரிக்கா முதலிய நாடுகளுக்கும் அனுப்பினார்கள். கோயில் கட்ட ஆளுக்கொரு கல் வாங்கிக்கொடுங்கள் என்று நாம் கேட்பதுபோலத்தான். பணம் சேர்ந்தது, மடம் புதிதாயிற்று, கடைகளில் விற்பனை நின்றது.

உழைத்து உண்டு மௌனத்தில் செபிக்கும் துறவறம் ஐரோப்பியருக்கே உரியது என்று நினைக்க வேண்டாம். 1928இல் அமலமரித் தியாகிகள் சபைக் குரு தோமஸ் அடிகளார் யாழ்ப்பாணம் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். அந்த ஆச்சிரமத்து நெல்லி இரசமும் திராட்சை வைனும் உங்களில் மூத்தோருக்கு நாவில் இன்னும் இருக்கும். மதியப்பூசை முடிந்து களைத்து வரும்போது குளிர்ந்த தண்ணீரில் கலந்து தந்த நெல்லி இரசத்தை இந்த 12க்காகவும் நான் மாற்றிக்கொள்ளமாட்டேன். அந்தத் துறவிகளும் போரினால் தங்கள் மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள்தான். தோட்டம், செபம், மௌனம், விற்பனை மேசையில் குறைந்த விலை: வெஸ்ட்ஃப்ளேட்டரனில் நான் கண்டது எனக்குப் புதிதாகத் தோன்றாததற்கு அதுவே காரணம்.

நம் இளைஞர் கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவே. அவர்கள் காய்ச்சுவதனால் குடி குற்றமற்றதாகிவிடவில்லை. பத்து சதவீத ஆல்கஹால் துறவி காய்ச்சினாலும் ஈரலுக்கு ஆல்கஹால்தான். குடித்தால் நிறுத்தமுடியாது என்று தன்னைப் பற்றி அறிந்தவர் அந்த விடுதிக்குப் போகவே வேண்டாம். அவருக்கு ஆசீர்வாதப்பர் சொன்ன தனிக் கைம்மாறு இருக்கிறது, அது இரண்டாந்தரமானதன்று. மற்றவர்கள் போனால், பியரைவிட அந்த மனிதர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். நம்மில் எத்தனை பேர் மூன்றாவது வேலை, இரண்டாவது வீடு, இன்னொரு கடை என்று ஓடி, பிள்ளைகளோடு இராச்சாப்பாடு சாப்பிடும் நேரத்தைத் தொலைத்திருக்கிறோம் என்பதை ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்கிற எனக்குத் தெரியும். குடிக்காதவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

டிராப்பிஸ்ட் பியர்களின் அறுகோண முத்திரையைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். 1997இல் மடங்கள் கூடி ஏற்படுத்திய முத்திரை அது. மடத்து மதிலுக்குள் காய்ச்ச வேண்டும், துறவிகள் தாமே அல்லது அவர்கள் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும், வருமானம் மடத்தின் வாழ்வுக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும் என்பன நிபந்தனைகள். பெல்ஜியத்தில் இன்று வெஸ்ட்மால், வெஸ்ட்ஃப்ளேட்டரன், சிமே, ரோஷ்ஃபோர், ஓர்வால் என்ற ஐந்துக்கு அது உண்டு. ஆறாவதாக ஆகெல் இருந்தது, போரில் கொப்பரையை இழந்ததாக மேலே சொன்ன அதே மடம். 1998இல் மீண்டும் காய்ச்சத் தொடங்கினார்கள். பின்னர் அங்கே துறவிகள் இல்லாமற்போனார்கள். 2021 தொடக்கத்தில் அந்த முத்திரையும் போயிற்று. பியர் இப்போதும் காய்ச்சப்படுகிறது என்பதால் கடையில் பெயரைக் கண்டு குழம்பவேண்டாம்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். மடத்துக்குள்ளும் பியர்க் கூடத்துக்குள்ளும் பார்வையாளருக்கு அனுமதியில்லை. எதிரே உள்ள விடுதியில் துறவிகளின் வாழ்க்கையை விளக்கும் சிறிய காட்சிக்கூடம் ஒன்று உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். விடுதி வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அருகில் இப்பர் நகரின் மெனின் வாயிலில், போரில் இறந்து கல்லறை அறியப்படாத வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படைவீரர் பெயர்களும் அங்கே உண்டு. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். வண்டியோட்டப் போகிறவரை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு புறப்படுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை